சுவரில் விட்ட நாலு விரல் இடைவெளி

1

வெள்ளிக்கிழமை மத்தியானம் இயன் ரெலிபோன் எடுத்தான். காட்சிக்கூடங்களுக்கு உள்வேலை செய்து கொடுக்கும் சிறிய கம்பனி ஒன்றில் நான் பெயின்ற் அடிக்கிறேன். இயன் என் மேற்பார்வையாளன். பானைக் கண்காட்சி முடிந்துவிட்டது, திங்கட்கிழமை போய் நாலு சுவரையும் வெள்ளையாக்கிவிடு என்றான். சிவப்புக் கோட்டின் மேல் முதலில் சீலர் அடி, இல்லாவிட்டால் எத்தனை தரம் வெள்ளை அடித்தாலும் சிவப்பு மேலே வரும் என்றும் சொன்னான். முப்பது வருடம் பெயின்ற் அடித்தவனுக்குப் பெயின்ற் அடிக்கச் சொல்லிக் கொடுப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். ஓமென்று வைத்தேன்.

அந்தக் கோட்டை இந்த வருடம் சித்திரை மாதம் கீறியவன் நான்தான். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இதுவரை பனியைப் பற்றி எழுதினேன், கவுன்சில்காரரோடு பட்ட பாட்டை எழுதினேன், கோலியர்ஸ் வுட் ஸ்ரேசனில் படி ஏறும்போது முழங்கால் நோவதைக்கூட எழுதினேன். கோட்டைப் பற்றி மட்டும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் தம்பி குகன் குறுக்கே வந்து நின்றான். அவனை விட்டுவிட்டு இதை எழுத முடியாது என்பது இந்தக் கிழமைதான் எனக்கு விளங்கியது.

2

முதலில் ஜெர்மனியில் இருந்தோம். அங்கே பதினொரு வருடம் வீடுகளுக்குப் பெயின்ற் அடித்தேன். மகள் துளசி ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று மனைவி ஒற்றைக் காலில் நின்றதால் லண்டனுக்கு வந்தோம். ஒரு பாஷையை ஒருவாறு பிடித்து முடிக்கிற நேரத்தில் இன்னொரு பாஷை. இப்போது எனக்கு ஜெர்மன் மறந்துபோயிற்று, ஆங்கிலம் வந்து சேரவில்லை. கடையில் சாமான் வாங்கலாம், டொக்டரிடம் நோவைக் காட்டலாம். ஒருவன் நீளமாக ஏதும் சொன்னால் தலையாட்டுவேன்.

இந்தத் தலையாட்டல் எங்கள் ஆட்களின் தனி வியாதி. வேலையில் விளங்காத ஒன்று வந்தால் கேட்க மாட்டோம். கேட்டால் எங்கள் ஆங்கிலம் எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எது சரியாக இருக்கும் என்று நாங்களே யோசித்து, சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே செய்து கொடுத்துவிடுவோம். பெரும்பாலும் நல்ல பெயர்தான் கிடைக்கும்.

சித்திரை மாதம் இயன் என்னை ஆற்றின் தென்கரையில் இருக்கும் ஒரு சிறிய காட்சிக்கூடத்துக்கு அனுப்பினான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பக்கத்தில் புவெப்லோ என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்களாம். அங்கிருந்து ஒரு பெண் செய்த பானைகளை அங்கே வைக்கப் போகிறார்கள். அவள் படமொன்று கீறி அனுப்பியிருந்தாள். அறையின் நாலு சுவரையும் வாசல் கதவையும் சுற்றி நெஞ்சு உயரத்தில் ஒரு செங்கல் நிறக் கோடு, மூன்று விரல் தடிப்பு. படத்தில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் கோடு கொஞ்சம் அறுந்திருந்தது. நாலு விரல் அகலம் இருக்கும்.

பிரதி எடுத்த மெசினில் விழுந்த பிழை என்று நினைத்தேன். கேட்கவில்லை.

3

அந்தக் கிழமை செவ்வாய்க்கிழமைதான் குகன் வன்னியிலிருந்து எடுத்தான். யாரோ ஒருவருடைய சற்றலைற் போன். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் அவனைக் கெதியாக முடிக்கச் சொல்லிச் சத்தம் போடுவது கேட்டது.

"அண்ணை, நான், வசந்தி, பெடியன், மூண்டு பேரும் இருக்கிறம்" என்றான்.

"சாப்பாடு?"

"கஞ்சி குடுக்கினம். வசந்தி வரிசைக்குப் போறவ. அண்ணை, வியாழக்கிழமை திரும்ப எடுக்கப் பாக்கிறன். போனைக் கையிலை வைச்சிருங்கோ."

"துளசி பாராளுமன்றச் சதுக்கத்திலை நிக்கிறாள். ஒவ்வொரு நாளும் போறாள். சண்டையை நிப்பாட்டச் சொல்லி இஞ்சை எல்லாரும் ரோட்டிலைதான்."

"ஓம், கேள்விப்பட்டனாங்கள்" என்றான். அதில் கேலி இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. லைன் அறுந்தது.

வியாழக்கிழமை போனை ஏணியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வேலை செய்தேன். மாஸ்கிங் ரேப் இரண்டு வரிசை ஒட்டி நடுவே சிவப்பு அடித்துக்கொண்டு போனேன். மூன்று சுவர் முடிந்தது. போன் அடிக்கவில்லை. நாலாவது சுவரில் கதவுக்குக் கிட்ட வந்தபோது பின்நேரம் நாலு மணி. அங்கே அந்த நேரம் இருட்டியிருக்கும், இனி எடுக்க மாட்டான் என்று தெரிந்தது. படத்தை எடுத்துப் பார்த்தேன், அந்த அறுந்த இடத்தைப் பார்த்தேன். பொங்கலுக்கு மனைவி கோலம் போட்டால் கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். நடுவில் விட்டுவிட்டு எழும்ப மாட்டா, அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் எழும்ப மாட்டா. அன்றைக்கு எனக்கும் எதையும் அறுந்தபடி விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. ரேப்பை நீட்டி ஒட்டி, அந்த நாலு விரலையும் சிவப்பால் அடைத்தேன். வடிவாக வந்தது. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று எனக்கே தெரியாத மாதிரி.

4

அடுத்த நாள் அந்தப் பானைகளைச் செய்த பெண் வந்தாள். பெயர் லொரெய்ன். இறகும் மணியும் கட்டிய ஒருத்தியை நான் எதிர்பார்த்திருந்தேன் என்று வெட்கத்தோடு ஒத்துக்கொள்ள வேண்டும். வந்தவள் ஜீன்ஸ் போட்ட, நாற்பத்தைந்து வயது மதிக்கக்கூடிய, சூயிங்கம் சப்பிக்கொண்டு போனில் மெசேஜ் அடிக்கிற ஒருத்தி. பெட்டிகளைத் தானே திறந்தாள், வேறு ஒருவரையும் தொட விடவில்லை.

பானைகளைப் பார்த்து நான் வேலையை விட்டுவிட்டு நின்றேன். சக்கரம் இல்லாமல், மண்ணைக் கயிறு கயிறாகத் திரித்து அடுக்கிச் செய்தவையாம். ஒரு பக்கமும் கோணல் இல்லை. மேல் பாதியில் மழை முகில், மின்னல், படிப்படியான கறுப்புக் கோலங்கள். அதெல்லாம் அவர்கள் பரம்பரையாகப் போடுகிறவை. அந்த முகிலுக்குக் கீழே வீடுகள், ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் சற்றலைற் டிஷ். ஒரு பானையில் ரெலிபோன் கோபுரம், அதன் உச்சியில் ஒரு காகம். இன்னொன்றில் ரயர் இல்லாமல் கல்லின் மேல் நிற்கிற ஒரு பிக்கப் வாகனம். ஒவ்வொரு கோடும் மயிர் அகலம். தூரிகை என்னவென்று கேட்டேன். இதைக் கேட்க மட்டும் எனக்கு ஆங்கிலம் வந்தது. கற்றாழை மாதிரி ஒரு செடியின் இலையைப் பல்லால் மென்று நாராக்கினால் அதுதான் தூரிகை என்று சொல்லிச் சூயிங்கத்தைக் காட்டிச் சிரித்தாள்.

"ஏன் வாகனம்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் மான் கீறச் சொல்லிக் கேட்கிறார்கள்" என்றாள். "என்னுடைய குசினி ஜன்னலால் பார்த்தால் மான் தெரியாது. என் அண்ணன் மகனுடைய வாகனம்தான் தெரியும். ஈராக்குக்குச் சண்டைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான். வந்து அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். கதைக்க மாட்டான். அது போகட்டும் என்று மான் கீறச் சொல்கிறாயா?"

பிறகுதான் சுவரைப் பார்த்தாள். கோட்டைத் தொடாமல், விரலால் அதன் வழியே அறையைச் சுற்றி நடந்தாள். கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். சப்புவதை நிறுத்தினாள்.

"இதை யார் மூடினது?"

நான் என்றேன். இயன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான். அவள் கை காட்டி அவனை நிறுத்தி, என்னைக் கூப்பிட்டு ஒரு பானையின் கழுத்தைக் காட்டினாள். சுற்றிவர ஒரு கோடு, ஓரிடத்தில் சிறிய இடைவெளி. அடுத்த பானை, அதிலும் அப்படியே. எல்லாவற்றிலும் இருந்தது. எனக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள்.

"எங்கள் வீட்டில் கோட்டை மூட மாட்டோம். செய்கிறவளுடைய மூச்சுப் போய்வருகிற வழி அது. உயிரோடு இருக்கிற வரைக்கும் திறந்திருக்க வேண்டும். ஏன் என்று என்னிடம் கேட்காதே. நான் கணனியில் படம் கீறுகிறவள், மின்சாரச் சூளையும் வைத்திருக்கிறேன். ஆனால் இதை மட்டும் மூட மாட்டேன்."

கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. நான் வெள்ளைப் பெயின்ற் எடுத்து அந்த நாலு விரலையும் திரும்பத் திறந்தேன். இரண்டு தரம் அடித்தேன். சீலர் கையில் இல்லை, பின்நேரம் திறப்பு விழா. லைற் ஒரு பக்கமாக விழுந்தால் வெள்ளைக்குள் சிவப்பு தெரிந்தது. போன் அன்றைக்கும் அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாளும் அடிக்கவில்லை. வைகாசியில் சண்டை எல்லாம் முடிந்துவிட்டது என்று ரீவி சொன்னது.

5

ஆடி மாதம் குகனின் மனைவி வசந்தியும் மகனும் ஆமியின் தடுப்பு முகாமில் இருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. ஷெல் அடியில் குகனைப் பிரிந்துபோனார்களாம். வசந்தி மகனையும் கூட்டிக்கொண்டு கஞ்சி வரிசைக்குப் போய்த் திரும்பி வந்தபோது இடமே மாறிப்போய்க் கிடந்தது, சனம் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோ ஒளித்து வைத்திருக்கும் போனில் ஐந்து நிமிடம் எடுப்பாள். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி. "அத்தான், அவரைப் பற்றி ஏதும் செய்தி?"

ஹரோவில் இருக்கும் அக்காவுக்கும் ஒரே கேள்விதான், ஆனால் வேறு கேள்வி. "எப்ப காரியம் செய்யிறது?"

"உடம்பைக் காணாமல் என்னண்டு செய்யிறது அக்கா?"

"ஐயர் தர்ப்பையிலை உருவம் செய்து செய்யலாம் எண்டு சொல்லுறார். ஏழு மாதமாப் போகுதடா. அவன்ரை ஆத்துமா எங்கை போகும்?"

வசந்தி செய்ய வேண்டாம் என்று அழுதாள். செய்தால் அவர் செத்துப்போனார் என்று நாங்களே எழுதிக் கொடுத்த மாதிரி என்றாள். நான் வசந்தி பக்கம் நின்றேன். அவளுக்காக நின்றேன் என்று சொல்லிக்கொண்டேன், அது பொய். ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்குச் சுகமாக இருந்தது. ஒருநாள் வாய் தவறி லொரெய்ன் சொன்னதை அக்காவுக்குச் சொன்னேன்.

"ஆரோ ஒரு அமெரிக்கக்காரி பானையிலை கீறினதுக்கு என்ரை தம்பியை நான் அலைய விடுறதோ?" என்றா.

காணாமற்போனோரைத் தேடும் ஓர் அலுவலகத்தில் போர்ம் நிரப்பினேன். கடைசியாக இருந்த இடம் என்ற கட்டத்தில் ஊரின் பெயரை எழுதினேன். கடற்கரை மணலில் ஒரு தறப்பாள் கூடாரம். அதற்கு மேல் விலாசம் இல்லை. அங்கிருந்த பெண் நல்லவள், பரிவாகத்தான் கதைத்தாள். ஆனால் போஸ்ட் கோட் இல்லாமல் கொம்பியூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது என்றாள். கடைசியில் எங்கள் வீட்டுப் போஸ்ட் கோட்டைப் போட்டோம். புரட்டாதியில் என் வீட்டு விலாசத்துக்கு குகன் பெயரில் ஒரு கடிதம் வந்தது. அன்புள்ள திரு குகன், உங்கள் விபரங்களைச் சரிபார்க்க அலுவலக நேரத்தில் எங்களைத் தொலைபேசியில் அழையுங்கள். மனைவி அதை வாசித்துவிட்டு குசினிக்குள் போய் நெடுநேரம் குழாயைத் திறந்து விட்டிருந்தா.

துளசி அந்தக் கடிதத்தைக் கண்டாள். அவளுக்கு பதினேழு வயது. சித்திரையிலும் வைகாசியிலும் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று கத்தித் தொண்டை போனவள். அதற்குப் பிறகு தமிழ்ப் பள்ளியை விட்டுவிட்டாள். கொடி, படம், சுலோக மட்டை எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டிக் குப்பைக்கு வைத்தாள். வீட்டில் தமிழில் கதைப்பதும் குறைந்துபோயிற்று. பள்ளிக்கூடத்தால் அந்தப் பானைக் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எனக்குச் சொல்லவுமில்லை. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, அந்த ரெட் லைன் நீங்களே பெயின்ற் பண்ணினது?"

"ஓம்."

"டோர் பக்கத்திலை வைற்றுக்குள்ளாலை ரெட் தெரியுது."

"தெரியும் பிள்ளை."

பிறகு கோப்பையைப் பார்த்தபடி, "சித்தப்பா டெட்டா இல்லையா?" என்றாள்.

"போர்ம் போட்டிருக்கு" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு விருப்பமில்லை. எழும்பி அறைக்குப் போய்விட்டாள். சித்தப்பாவை அவள் போட்டோவில் மட்டும் கண்டவள். ஆனாலும் அந்த வீட்டில் நேராகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

6

இயன் போன் எடுத்ததற்கு அடுத்த நாள், சனிக்கிழமை, சென்னையிலிருந்து ஒரு போன் வந்தது. பெயர் இராசையா என்றார். வன்னியில் குகனின் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். முகாமிலிருந்து ஒருவாறு வெளியே வந்து, கடல் தாண்டி, பலரிடம் கேட்டு என் நம்பரைப் பிடித்திருக்கிறார்.

"தம்பி, நீங்கள் குகன்ரை தமையன்தானே?"

"ஓம் அண்ணை."

"இதை முகாமுக்குள்ளை நிண்டு கதைக்க ஏலாது. பயம். அதுதான் இவ்வளவு காலமும் எடுக்கேல்லை. நான்தான் குகனைத் தாட்டனான் தம்பி. வேறை ஆக்கள் இல்லை. அவர் இருந்த பங்கருக்குள்ளையே வைச்சு மண் போட்டனான். வசந்தியும் பெடியனும் கஞ்சிக்குப் போயிருந்த நேரம்."

எனக்கு வாயில் வந்தது ஒரேயொரு கேள்வி. "எண்டைக்கு அண்ணை?"

"சித்திரை மாதம். வியாழக்கிழமை எண்டு நினைக்கிறன். இல்லாட்டி அதுக்கு முதல் நாள். அங்கை நாள் கிழமை ஆருக்குத் தெரியும்?"

நான் திரும்பக் கேட்கவில்லை. சித்திரையில் எத்தனையோ வியாழக்கிழமை இருக்கிறது. கேட்டால் அவர் யோசித்துச் சொல்லியிருப்பார். எனக்கு அது தெரிய வேண்டாம். நான் சகுனம் பார்க்கிறவன் இல்லை, ஒரு சுவரில் கீறிய கோட்டுக்கும் வன்னியில் விழுந்த ஷெல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அன்று முழுவதும் என் வலது கையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வசந்தி எடுத்தாள். வழமையான கேள்வியைக் கேட்டாள். மனைவி பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றா. சொன்னேன். இராசையா சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். முகாமில் கத்த முடியாது, போனைப் பிடித்துவிடுவார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டாள். "அத்தான், கண்ணை மூடிவிட்டுத்தானே தாட்டவர்?"

அதை நான் இராசையாவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ஓம்" என்றேன். "மூடினவராம்."

"அப்ப செய்யுங்கோ அத்தான்" என்றாள். போன் வேறு யாரோ கைக்குப் போய்விட்டது.

7

திங்கட்கிழமை காலை காட்சிக்கூடத்துக்குப் போனேன். பானைகளை எல்லாம் பெட்டியில் அடைத்துவிட்டார்கள். லொரெய்ன் வரவில்லை. ஆட்களை அனுப்பியிருந்தாள். வெறும் அறை, நாலு சுவர், என்னுடைய கோடு. கதவடியில் அந்த இடைவெளி, வெள்ளைக்குள்ளால் மங்கலாகச் சிவப்பு.

இயன் பத்து மணிக்கு வந்தபோது நான் அந்த இடைவெளிக்கு முன்னால் நின்று மாஸ்கிங் ரேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சித்திரை மாதம் மிஞ்சிய செங்கல் நிறப் பெயின்ற் ரின், மூடி திறந்தபடி.

"என்ன செய்கிறாய்? எல்லாவற்றையும் வெள்ளையாக்கத்தானே சொன்னேன்."

வழமையாக நான் தலையாட்டியிருப்பேன். இந்த முறை சொன்னேன். "வெள்ளை அடிப்பேன். முதலில் இதை மூட வேண்டும்."

"மத்தியானம் எப்படியும் அழிக்கப் போகிற கோட்டையா?"

"ஓம்" என்றேன், தமிழில். அவனுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

தூரிகையைத் தோய்த்து ரின் விளிம்பில் வடித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடமிருந்து வலமாக, நாலு விரல் தூரம் இழுத்தேன். இரண்டு முனையும் சேர்ந்தன. ரேப்பை உரித்தேன். ஓரம் சுத்தமாக இருந்தது.

அக்காவுக்குப் போன் எடுத்து ஐயரிடம் காரியத்துக்கு நாள் கேட்கச் சொன்னேன். கோடு காய ஒரு மணித்தியாலம் பிடித்தது. அதுவரை அதற்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். பிறகு எழும்பி சீலர் அடித்தேன், அதன் மேல் வெள்ளை அடித்தேன்.